பெட்ரோல் விலை ஏறினதுக்கு யார் காரணம்? பங்க்கில் தினமும் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். என் மேசை ஜன்னலை ஒட்டி இருக்கிறது, அதனால் மெஷின் பக்கத்தில் யார் என்ன சொல்லித் திட்டினாலும் காதில் விழும். கேள்விகள் எப்போதும் அதேதான். பெட்ரோல் போடுகிற தம்பிகளால் வரிசை நிற்கும்போது நின்று பதில் சொல்ல முடியாது, அதனால் நான் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். விலைக் கணக்கெல்லாம் 2025 ஏப்ரல் வரி மாற்றத்துக்குப் பிந்தைய சென்னை விலையை வைத்துச் சொல்வது. எங்கள் ஊரில் லாரி வாடகைக்காகக் கொஞ்சம் கூட வரும்.

"ஏக்கா, ராத்திரியோட ராத்திரியா நீங்களே ஏத்திக்கிறீங்களா?"

இல்லை. விலையில் ஒரு காசு கூட பங்க் முதலாளி கையில் இல்லை. எண்ணெய் நிறுவனம் சொல்கிற விலைதான், காலை 6 மணிக்கு அமலுக்கு வரும். 2017 ஜூன் 16க்கு முன்னால் மாதத்தில் 1ஆம் தேதி, 16ஆம் தேதி என்று நள்ளிரவில் மாறும். அப்போது ஒருத்தர் 12 மணி வரை முழித்திருந்து, மீட்டர் ரீடிங் எடுத்து எழுதிவிட்டுத்தான் படுக்கப் போவார்.

எங்களுக்குக் கிடைப்பது லிட்டருக்கு இவ்வளவு என்கிற கமிஷன். பெட்ரோலுக்கு இப்போது நாலு ரூபாய் நாற்பது காசு அளவில் வருகிறது. 2017க்கு அப்புறம் 2024 அக்டோபரில்தான் அதை உயர்த்தினார்கள். விலை 80 ரூபாய் ஆனாலும் 110 ஆனாலும் அந்தக் கமிஷன் பெரிதாக மாறாது. சம்பளம், கரண்ட் பில், வெயில் காலத்தில் ஆவியாகிப் போகிறது எல்லாம் அதற்குள்தான். விலை ஏறினால் எங்களுக்குத்தான் இன்னும் கஷ்டம், ஏனென்றால் 12,000 லிட்டர் லோடு ஒன்று எடுக்க இன்று பதினொரு லட்சத்துக்கு மேல் முன்பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்துக்கு வட்டி யார் கொடுப்பது.

"நூறு ரூபாய்க்குப் போட்டா அது யார் யாருக்குப் போகுது?"

சென்னையில் லிட்டர் 100 ரூபாய் 80 காசு. எண்ணெய் நிறுவனம் பங்க்குக்குக் கொடுக்கும் விலை, அதாவது கச்சா எண்ணெய், கப்பல், சுத்திகரிப்பு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் சேர்த்து, 53க்குக் கொஞ்சம் குறைவு. மத்திய அரசின் கலால் வரி 21.90. பங்க் கமிஷன் 4.40. இது மூன்றையும் கூட்டினால் 79 ரூபாய் வரும். அதன்மேல் தமிழ்நாடு அரசின் வாட் வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 தனியாக. அது ஏறத்தாழ 21.80.

ஆக இரண்டு அரசுக்கும் சேர்த்து 43 ரூபாய் எழுபது காசு. இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். மாநிலத்தின் 13 சதவீதம் கலால் வரியின் மேலேயும் விழுகிறது. வரிக்கு வரி கட்டுகிறோம்.

"கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 70 டாலர்னு டி.வி.ல சொல்றான். லிட்டருக்கு எவ்வளவு ஆவுது?"

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். 70 டாலரை 2025 ஏப்ரலில் இருந்த 85 ரூபாயால் பெருக்கி 159ஆல் வகுங்கள், 37 ரூபாய் சொச்சம் வரும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய் விற்கிற ஊரில் பாதி உலகம் தாண்டி வருகிற எண்ணெய் 37 ரூபாய்தான்.

ஆனால் நிறுவனங்கள் நமக்கு விலை போடுவது கச்சா எண்ணெயை வைத்து இல்லை. சுத்திகரித்த பெட்ரோலை வெளிநாட்டுச் சந்தையிலிருந்து இறக்குமதி செய்தால் என்ன விலை ஆகும் என்று பார்த்து அதற்கு 80 பங்கு, ஏற்றுமதி செய்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்து அதற்கு 20 பங்கு, இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சின பெட்ரோலுக்கும் கப்பலில் வந்திருந்தால் ஆகியிருக்கும் செலவைச் சேர்த்துத்தான் அடிப்படை விலை. 37க்கும் 53க்கும் நடுவில் உள்ள தூரத்தில் சுத்திகரிப்புச் செலவும் இருக்கிறது, இந்தக் கணக்கும் இருக்கிறது.

"2014ல கச்சா எண்ணெய் நூறு டாலருக்கு மேல, பெட்ரோல் 70 ரூபா. இப்ப 70 டாலர், பெட்ரோல் 100 ரூபா. எந்த ஊர் நியாயம்?"

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் தாய். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2014 மே மாதம் இந்தியா வாங்கின கச்சா எண்ணெய் பீப்பாய் 105 டாலருக்கு மேல். டெல்லியில் பெட்ரோல் 71.41. அன்று கலால் வரி பெட்ரோலுக்கு 9.48, டீசலுக்கு 3.56. அந்த வருஷத்தின் பிற்பாதியில் எண்ணெய் சரிய ஆரம்பித்தது. 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போய்விட்டது, மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. டெல்லி விலையோ 59 ரூபாயோடு நின்றுவிட்டது. ஏனென்றால் 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் கலால் வரியை ஒன்பது தடவை ஏற்றினார்கள், பெட்ரோலுக்கு 11.77, டீசலுக்கு 13.47. எண்ணெய் இறங்க இறங்க வரி ஏறியது, அதனால் போர்டில் பெரிய மாற்றம் தெரியவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, எனக்கும் அன்று புரியவில்லை. பிறகு எண்ணெய் ஏறினபோது, ஏற்றின வரி பெரும்பாலும் அப்படியே இருந்தது. அன்றைக்கு நம்மிடம் வராமல் போன இறக்கம்தான் இன்றைக்கு ஏற்றமாகத் தெரிகிறது.

இன்னொரு காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது ரூபாய். 2014 மே மாதம் ஒரு டாலர் 59 ரூபாய் அளவு. 2024இல் 83. எண்ணெயை டாலரில்தான் வாங்குகிறோம், தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அதனால் அன்று 107 டாலர் எண்ணெய் லிட்டருக்கு 40 ரூபாய் ஆனது, 2024இல் 80 டாலர் எண்ணெய்க்கே 42 ரூபாய் ஆகிவிட்டது. 'டாலர் விலை குறைந்திருக்கிறதே' என்று மட்டும் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

"கொரோனா நேரத்துல எண்ணெயைச் சும்மா குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேனே, அப்பவும் நமக்குக் குறையலையே?"

அமெரிக்கச் சந்தையில் 2020 ஏப்ரல் 20 அன்று ஒரு வகை எண்ணெயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது, எடுத்துப் போக ஆளில்லாமல் விற்கிறவனே காசு கொடுக்கிற நிலை. நாம் வாங்குகிற எண்ணெயும் 20 டாலர் பக்கம் வந்தது. அந்தச் சமயத்தில் மத்திய அரசு மார்ச்சில் 3 ரூபாய் ஏற்றியது, மே 6 அன்று பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஒரே நாளில் ஏற்றியது. கலால் வரி பெட்ரோலுக்கு 32.98, டீசலுக்கு 31.83 ஆனது. அதற்கு இரண்டு நாள் முன்னால் தமிழ்நாடு அரசும் பெட்ரோலுக்கு 3.25, டீசலுக்கு 2.50 ஏற்றியிருந்தது.

அந்த மே மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரோட்டில் ஆம்புலன்ஸும் காய்கறி வண்டியும் தவிர ஒன்றுமில்லை. ஒரு நாள் முழுக்க விற்றதை ஒரே பக்கத்தில் எழுதி முடித்தேன். மாநில உயர்வு உடனே போர்டில் தெரிந்தது. மத்திய அரசின் பத்து ரூபாயை எண்ணெய் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதால் அன்று தெரியவில்லை. ஜூன் 7 அன்று ஊரடங்கு தளர்ந்து ஜனங்கள் வேலைக்குக் கிளம்பின உடனே தினமும் ஏற ஆரம்பித்தது.

"சரி, மத்திய அரசா மாநில அரசா? ஒரு பேரு சொல்லுங்க."

நான் எடுத்துப் பார்த்த கணக்கில் மத்திய அரசுதான் முதல். மேலே சொன்னபடி 9.48இல் இருந்தது 32.98 வரை போனது. அப்புறம் 2021 நவம்பரில் 5 ரூபாய், 2022 மே மாதம் 8 ரூபாய் குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் திரும்ப 2 ரூபாய் ஏற்றினார்கள். குறைத்ததற்குப் பிறகும் 2025 ஏப்ரலில் 2014ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் நின்றது. டீசலில் 3.56இல் ஆரம்பித்தது அப்போது 17.80இல் நின்றது, சரியாக ஐந்து மடங்கு.

மாநிலமும் சும்மா இல்லை. 2017 மார்ச்சில் அ.தி.மு.க. ஆட்சியில் பெட்ரோல் வாட் 27 சதவீதத்திலிருந்து 34 ஆனது. 2020 மே மாதம் அதை 15 சதவீதம், அதோடு லிட்டருக்கு 13.02 என்று மாற்றினார்கள். இந்த மாற்றத்தால் விலை இறங்கினாலும் மாநில வருமானம் பெரிதாக இறங்காது, அதுதான் உள்நோக்கம். தி.மு.க. தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்போம் என்று சொன்னது. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. அதனால் வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் சொன்னார். டீசலுக்கு அந்த பட்ஜெட்டில் ஒன்றுமில்லை.

"செஸ், செஸ்னு சண்டை போடுறாங்களே, அது என்னக்கா?"

செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று சொல்லித் தனியாக வாங்குகிற வரி. கலால் வரி 21.90 என்று சொன்னேன் இல்லையா, அது ஒரே வரி இல்லை. அடிப்படை கலால் வரி 1.40 மட்டும்தான். சிறப்புக் கூடுதல் வரி 13 ரூபாய், விவசாயக் கட்டமைப்பு செஸ் 2.50, சாலை செஸ் 5 ரூபாய். மத்திய அரசு வசூலிக்கிற வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஆனால் செஸ்ஸும் இந்தச் சிறப்பு வரியும் அந்தப் பங்கில் வராது. எனவே பங்குக்கு வருவது 1.40 மட்டும். அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு, அது எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து. தமிழ்நாட்டின் பங்கு அந்தத் தொகுப்பில் 2025–26 வரை 4.079 சதவீதமாக இருந்தது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டு காசு சொச்சம்.

மாநில அரசுகள் வாட்டைக் குறைக்கத் தயங்குவதற்கு இது ஒரு நிஜமான காரணம். முன்பு இதைவிட அதிகமாக இருந்த அடிப்படை வரியையும், பங்கு கொடுக்க வேண்டாத பெட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட்டார்கள். மாநிலத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதனால் கொஞ்சம் குறைகிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

"முந்தைய காங்கிரஸ் ஆட்சி வாங்கின கடனை அடைக்கிறதாலதான் வரின்னு என் மச்சான் சொல்றார்."

எண்ணெய்ப் பத்திரத்தைச் சொல்கிறார். அது பொய் இல்லை. 2005இலிருந்து 2010 வரை பெட்ரோல், டீசல், கேஸ் விலையை ஏற்றாமல் இருக்க, எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதில் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கடனைப் பேரப்பிள்ளை தலையில் கட்டுகிற வேலை, அது தப்புதான். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதைச் சொல்லித்தான் வரியைக் குறைக்க முடியாது என்றார்.

ஆனால் தொகையைப் பாருங்கள். அப்போது பாக்கியிருந்த அசல் 1.3 லட்சம் கோடி, வருஷ வட்டி பத்தாயிரம் கோடி அளவில். 2020–21இல் மட்டும் பெட்ரோலியக் கலால் வரியாக வந்தது 3.7 லட்சம் கோடி. அந்த ஒரு வருஷ வசூலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் எடுத்து வைத்திருந்தால் மொத்த அசலும் தீர்ந்திருக்கும். அதுவும் போகட்டும், பத்திரத்தால்தான் முடியாது என்றவர்கள் மூன்றே மாதத்தில் தீபாவளிக்கு 5 ரூபாய் குறைத்தார்களே, பத்திரம் அப்போதும் அங்கேயேதான் இருந்தது. மச்சானிடம் இதைக் கேளுங்கள்.

"தேர்தல் வந்தா மட்டும் விலை ஏற மாட்டேங்குதே, தினசரி விலைன்னு சொன்னாங்களே?"

சட்டப்படி பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010 ஜூனிலேயே எடுக்கப்பட்டது, டீசலுக்கு 2014 அக்டோபரில். சந்தை விலைதான், அரசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள். நான் விலைப் பதிவேட்டை வைத்திருக்கிறேன், அதிலிருந்தே சொல்கிறேன்.

2021 நவம்பர் 4இல் சென்னையில் 101.40. அப்புறம் 137 நாள் ஒரு காசு அசையவில்லை. உத்தரப்பிரதேசம், பஞ்சாப், உத்தராகண்ட், கோவா, மணிப்பூர் தேர்தல் நடந்த காலம் அது, நடுவில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது, அப்போதும் அசையவில்லை. மார்ச் 10இல் முடிவு வந்தது. மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 6 வரை பதினாலு தடவை ஏற்றி 110.85 ஆக்கினார்கள். அந்தப் பதினாறு நாளும் எங்கள் தம்பிகள் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. 2018 மே மாதம் கர்நாடகத் தேர்தலுக்கு முன்னாலும் இதே மாதிரி 19 நாள் நின்றது. 2024இல் மார்ச் 15இல் 2 ரூபாய் குறைந்தது, மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள்.

விலையைப் பிடித்து வைக்கிற சக்தி இருக்கிறது என்றால் விலைக்கான பொறுப்பும் இருக்கிறது. ஏறும்போது மட்டும் 'சந்தை' என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

"ரஷ்யாவுல இருந்து சல்லிசா வாங்கினாங்களே, அந்தக் காசு எங்க போச்சு?"

2022க்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் 2 சதவீதம் கூட இல்லை, அப்புறம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. தள்ளுபடியும் கிடைத்தது. ஆனால் மேலே சொன்ன கணக்கு முறையில், எந்த நாட்டிலிருந்து எவ்வளவுக்கு வாங்கினாலும் பெட்ரோல் விலை வெளிநாட்டுச் சந்தை விலையை வைத்துத்தான். மிச்சம் நிறுவனத்துக்கு.

நிறுவனங்களின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை விலையை ஏற்ற விடாததால் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றுக்கும் சேர்த்து 21,000 கோடிக்கு மேல் நஷ்டம். ஆனால் 2023–24இல் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 81,000 கோடி லாபம் காட்டின. பழைய நஷ்டத்தைக் கிட்டத்தட்ட நாலு தடவை அடைத்திருக்கலாம். அந்த லாபத்திலிருந்து நமக்கு வந்தது தேர்தலுக்கு முந்தின அந்த 2 ரூபாய். 2025 ஏப்ரலில் எண்ணெய் சரிந்தபோது கலாலை 2 ரூபாய் ஏற்றி, 'சில்லறை விலை மாறாது, நிறுவனங்கள் ஏற்கும்' என்றார்கள். மாறாது என்பது உண்மைதான், குறைந்திருக்க வேண்டியதும் குறையவில்லை.

"அரபு நாட்டுக்காரங்க உற்பத்தியைக் குறைச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே?"

குறைத்தார்கள். 2023 ஜூலையில் சவூதி மட்டும் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் குறைத்தது. அவர்கள் எண்ணெய் அவர்கள் இஷ்டம், அதைத் தட்டிக் கேட்க நம்மால் ஆகாது. 2022 மார்ச் மாதிரி போர் வந்தால் 130 டாலருக்கு மேலேயும் தாவும். ஆனால் எண்ணெய் ஏறின மாதங்களுக்கு இந்தப் பதில் போதும், இறங்கின மாதங்களுக்குப் போதாது.

"அமெரிக்காவுலயும் ஏறுதாமே, அங்கயும் வரிதானா?"

அங்கே மத்திய வரி கேலனுக்கு (ஏறத்தாழ 3.8 லிட்டர்) 18.4 சென்ட், 1993க்குப் பிறகு ஏற்றவே இல்லை. அங்கே விலை ஏறினால் எண்ணெயும் சுத்திகரிப்பும்தான் பெரும்பாலும் காரணம். 2022 ஜூனில் சராசரி விலை முதல் தடவையாக கேலன் 5 டாலரைத் தாண்டியது. லிட்டருக்குப் போட்டுப் பார்த்தால் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், அந்த மாதம் சென்னையில் 102.63, கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த டிசம்பருக்குள் அங்கே 3 டாலர் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. சென்னையில் டிசம்பரிலும் 102.63.

"நரிமணத்துல எண்ணெய் எடுக்கிறான், மணலில காய்ச்சுறான், நமக்கு ஏன் குறைவில்ல?"

நாகப்பட்டினம் பக்கம் கிடைப்பது சொற்பம். மணலி ஆலை வருஷத்துக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் சுத்திகரிக்கும், அதற்குத் தேவையான எண்ணெய் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. நம் மண்ணில் எடுத்த எண்ணெயையும் சர்வதேச விலைக்கே விற்கிறார்கள். நிலத்தடி நீர் கெட்டுப்போன காவிரிப் படுகை விவசாயி தன் டிராக்டருக்கு டீசல் போடும்போது மற்றவர்கள் கொடுக்கிற அதே விலையைத்தான் கொடுக்கிறார், எனக்கு அது உறுத்துகிற விஷயம்.

"பாண்டில மட்டும் எப்படிக் குறைவு? அதே லாரிதானே வருது?"

அதே லாரி, அதே எண்ணெய், வரி வேறு. புதுச்சேரி அரசின் வாட் குறைவு, அதனால் நான்கைந்து ரூபாய் வித்தியாசம் வருகிறது. எங்கள் பங்க்கிலிருந்து எல்லை கொஞ்ச தூரம்தான். விழுப்புரத்திலிருந்து போகிறவர்கள் இங்கே ஐம்பது ரூபாய்க்கு மட்டும் போட்டுக்கொண்டு அங்கே டேங்க் நிரப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இதனாலேயே எங்கள் விற்பனை படுத்துவிடும். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தமானில் வாட் ஒரு சதவீதம்தான், பெட்ரோல் 82 ரூபாய் அளவு. ஆந்திராவில் 109 அளவு. கர்நாடகத்தில் 2024 ஜூனில் ஒரே நாளில் 3 ரூபாய் ஏற்றினார்கள், அங்கே ஆட்சி காங்கிரஸ். எல்லாக் கட்சியும் கை வைக்கிற உண்டியல் இது.

"ஜி.எஸ்.டி.க்குள்ள கொண்டு வந்தா பாதி விலை ஆயிடும்னு சொல்றாங்களே?"

பாதி ஆகாது. இரண்டாவது பதிலில் சொன்ன அடிப்படை விலையும் கமிஷனும் சேர்த்து 57 ரூபாய். இப்போதிருக்கும் உச்சபட்ச ஜி.எஸ்.டி. 40 சதவீதத்தைப் போட்டாலும் 80 ரூபாய் வரும். இருபது ரூபாய் குறையும், அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த இருபதை இரண்டு அரசும் சேர்ந்து இழக்க வேண்டும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடின ஜி.எஸ்.டி. கவுன்சிலில் பேச்சு வந்தது, 'இது நேரம் இல்லை' என்று முடித்துவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மத்திய அரசும் மாநிலங்களும் சண்டையே போடவில்லை.

அப்புறம் ஒன்று. ஜி.எஸ்.டி. வந்தாலும் அதன்மேல் தனி வரி போடச் சட்டத்தில் இடமிருக்கிறது, புகையிலைக்கு அப்படித்தான் நடந்தது. அதனால் அந்தப் பேரைக் கேட்டு ஏமாற வேண்டாம், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

"இருபது பர்சன்ட் எத்தனால் கலக்குறீங்களே, அது குறைஞ்ச விலைதானே? மைலேஜும் போச்சு."

கலப்பது நாங்கள் இல்லை, எண்ணெய் நிறுவனத்தின் கிடங்கான டெர்மினலிலேயே கலந்துதான் லாரியில் வரும். எத்தனால் குறைந்த விலை என்பது பழைய கதை. மக்காச்சோளத்தில் எடுக்கிற எத்தனாலுக்கு அரசு நிர்ணயித்த விலை லிட்டருக்கு 71.86. வரி போடாத பெட்ரோல் 53. கலப்பதால் அடக்கவிலை ஏறத்தான் செய்கிறது.

மைலேஜ் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களுக்கு 6–7 சதவீதமும் பைக்குகளுக்கு 3–4 சதவீதமும் குறையும் என்று அரசின் 2021 அறிக்கையே சொன்னது. போர்டில் விலை ஏறாமலே ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற செலவு ஏறியிருக்கிறது. அன்னியச் செலாவணி மிச்சம், விவசாயிக்கு வருமானம் என்கிற வாதத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்தச் செலவை வண்டிக்காரனிடம் சொல்லாமல் வாங்குவது சரியில்லை.

"வரியே வேண்டாம்னா ரோடு யார் போடுவா, ரேஷன் யார் குடுப்பா?"

நல்ல கேள்வி, ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்டார். வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வருத்தம் யார் கட்டுகிறார்கள் என்பதில். வருமான வரி சம்பாத்தியத்தைப் பார்த்து ஏறும். பெட்ரோல் வரி ஆள் பார்க்காது. நாற்பது லட்ச ரூபாய் காருக்கும் மீன்கூடை கட்டின டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கும் லிட்டருக்கு அதே 43.70.

எங்களிடம் தினமும் காலையில் வருகிற ஒரு தம்பி சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர். மாதம் 26 நாள் ஓட்டினால் அவன் கட்டுகிற பெட்ரோல் வரி மட்டும் 2,270 ரூபாய். அவன் வீட்டு வாடகை 4,000. சாலை செஸ் கட்டின அதே ரோட்டில் கார்க்காரர்கள் சுங்கச்சாவடியிலும் கட்டுகிறார்கள், அதையும் ஐயாவிடம் சொன்னேன்.

"விலை குறைஞ்ச அன்னிக்கு மட்டும் 'ஸ்டாக் இல்ல' போர்டு வைக்கிறீங்களே, பதுக்குறீங்களா?"

குறைந்த அன்றைக்குப் பதுக்கினால் எங்களுக்கு என்ன லாபம்? அடுத்த லோடு புது விலையில் எடுக்கலாம் என்று காத்திருந்து டேங்க் வறண்டுபோயிருக்கும், அது உண்மை. நாங்கள் வரியோடு சேர்த்து முன்பணம் கட்டித்தான் எடுக்கிறோம். 2022 மே 22இல் கலால் 8 ரூபாய் குறைந்தபோது, முந்தின நாள் இறக்கின 12,000 லிட்டர் முழுசாக டேங்க்கில் இருந்தது. 96,000 ரூபாய் ஒரே காலையில் போனது, அதை யாரும் திருப்பித் தரவில்லை. அன்று டிப் ராடை இறக்கி அளவு பார்த்த சூப்பர்வைசர் அண்ணன் எண்ணை எழுதச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஆனாலும் விலை குறைந்தது நல்லதுதான், அன்றைக்கு வந்த ஜனங்களின் முகத்தை நான் பார்த்தேன்.

"நாளைக்கே எண்ணெய் 50 டாலருக்கு இறங்கினா நமக்குக் குறையுமா?"

என் பதிவேட்டில் உள்ளதை வைத்துச் சொன்னால், 2015இல் இறங்கினபோது வரி ஏறியது, 2020இல் இறங்கினபோது வரி ஏறியது, 2025 ஏப்ரலில் இறங்கினபோதும் வரி ஏறியது. அடுத்த தடவை எண்ணெய் இறங்கியதாகச் செய்தி வந்தால் காலை 6 மணிக்கு எங்கள் போர்டைப் பாருங்கள். எண் மாறாமல் இருந்தால் மெஷினில் நிற்கிற தம்பியிடம் கேட்க வேண்டாம். அந்த வாரம் கலால் வரி அறிவிக்கை ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள், பார்த்துவிட்டு உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.